ரத்தத்தை நிறுத்திய உத்தரவு

மஞ்சக்குப்பத்தில் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்று, சிதம்பரத்தில் மகன் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகு எனக்கு ஒரே ஒரு கோப்புதான் வந்தது. துபாயிலிருந்த மகன், ஏழாவது படிக்கும் தன் மகளுக்கு ஒரு வீடியோ கேம் சிடி அனுப்பியிருந்தான். துப்பாக்கிச் சண்டை. அதிலுள்ள வன்முறை அவள் வயதுக்கு அதிகமா என்று நான் சொல்ல வேண்டும். அப்பா அனுப்பியது என்பதால் பேத்தி அதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினாள்.

"நான் வேணாம்னா அழுவா. நீங்க சொன்னா சட்டம்னு நெனச்சிக்குவா மாமா" என்றாள் மருமகள். அண்ணாமலை நகரில் பாடம் நடத்துகிறவள். பொறுப்பை யார் தலையில் தள்ளிவிடுவது என்று தெரிந்தவள்.

நேரில் ஆய்வு செய்தேன். சுட்டால் ரத்தம் தெறித்தது. ஆனால் ரத்தத்தை மட்டும் நிறுத்திவைக்க கேமிலேயே ஒரு வசதி இருந்தது. மேலதிகாரி வரும் வழியில் சாக்கடைக்குத் தட்டி கட்டி மறைத்தே வேலையில் உயர்ந்தவன் நான். உடனே ரத்தத்தை நிறுத்தி, வன்முறை மிதம் என்று அறிவித்து, நிபந்தனையுடன் அனுமதி வழங்கினேன்.

மருமகள் ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டு, அதுவரை எந்த கேமும் ஆடியிராதவள், தானே உட்கார்ந்து விளையாடினாள். ரத்தத்தோடு ஒரு தடவை, ரத்தம் இல்லாமல் ஒரு தடவை.

"செவுத்த சுடாதம்மா" என்று பேத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு மருமகள் மகளையும் அதேபோல இரண்டு விதமாகவும் ஆடவிட்டு, திரையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை ஒழுங்கான ஆய்வை எந்த அதிகாரியும் செய்து நான் கண்டதில்லை, என்னையும் சேர்த்து.

"ரத்தம் இருந்தப்ப ஒருத்தன சுட்டுட்டு இவ கொஞ்சம் தயங்குனா மாமா. இல்லன்னா செத்தவன் அப்படியே மறஞ்சிடறான். இவ முறுக்கு தின்னுக்கிட்டே சுடறா. நீங்க அடிய கொறைக்கல. அடிபட்டவனத்தான் மறைச்சிட்டீங்க."

பேத்தி இடம் கிடைத்ததென்று நினைத்தாள். "அப்ப ரத்தத்த போட்டுடலாமா?"

"போடலாம். பத்தாவது முடிச்சிட்டு."

சிடி அலமாரிக்குள் போனது. அன்று மாலை பேத்தி போனில் அப்பாவிடம் முறையிட்டாள். அவன் தாத்தாவைக் கேள் என்று நழுவிவிட்டான். கண் சிவக்க என்னிடம் வந்தாள்.

"நீங்கதான தாத்தா மொதல்ல சரின்னீங்க?"

உண்மைதான். ஆனால் மேலிடத்து உத்தரவு வந்துவிட்டால் கீழே இருப்பவன் போட்டது தானாகவே ரத்து. அதை விளக்கிச் சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தேன். அலமாரிச் சாவியை மருமகள் என்னிடமும் தரவில்லை. முறைப்படி அதுவும் சரியே.