ஹத்துனா வீட்டு விருந்தாளி

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் தெக்லேவுக்கு எல்லாம் கிடைத்தது, அறை ஒன்றைத் தவிர. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, நூலக அட்டை கிடைத்தது. தலை சாய்க்கத்தான் இடமில்லை. சொந்த முகவரி இல்லாதவளுக்கு விசாவை நீட்டிக்க மாட்டார்கள். விசாவோ மாதக் கடைசியோடு சரி. அப்புறம் ஜார்ஜியாவுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதுவரை தோழி ஹத்துனாவின் அறைத் தரையில் ஒரு மெத்தை போட்டுப் படுத்திருந்தாள். சொந்த ஊரான குத்தாயிசியில் இருவருக்கும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூட பெஞ்சு. ஹத்துனா முன்னாலேயே வந்து இந்த ஊரில் வேர் பிடித்துவிட்டவள். ரயில் நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுதவள், "என் ரூம் உன் ரூம்டீ, எத்தனை நாள் வேணா இரு" என்றாள். ஜார்ஜியாக்காரி விருந்தாளியிடம் வேறென்ன சொல்வாள்? தெக்லே அதை அப்படியே நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அந்த வீட்டில் ஹத்துனாவோடு மால்டே, ஹென்ரிகே என்று இன்னும் இரண்டு ஜெர்மன் மாணவர்கள். ஒரு நாள் சமையலறையில் மால்டே, தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, முகத்துக்கு நேராகவே கேட்டான்:

"தெக்லே, நீ எப்ப கிளம்புற?"

தெக்லேவுக்குக் காதெல்லாம் சுட்டது. வீட்டுக்கு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஹத்துனா தலையைக் குனிந்து உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். அறைக்கு வந்ததும்தான் ஆறுதல் சொன்னாள். "இந்த ஊர்க்காரங்களே அப்படித்தான்டீ. ஈவு இரக்கம் கிடையாது. மனசுல வச்சுக்காத." அன்றிலிருந்து மால்டேயைக் கண்டாலே தெக்லே தாய்மொழியில் முணுமுணுப்பாள். அவன் புரியாமல் சிரித்து வைப்பான்.

இதற்கிடையில் அதிர்ஷ்டம் அடித்தது. அதே வீட்டில் நான்காவது அறைக்காரன் காலி செய்தான். அங்கெல்லாம் அறை பிடிப்பது பெண் பார்க்கிற மாதிரி. வீட்டில் இருப்பவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள்; வருகிறவர்கள் ஒவ்வொருவராகச் சிரித்துப் பேசி மனசைக் கவர வேண்டும். பிறகு எல்லோரும் சம்மதித்தால்தான் சாவி. ஒருவர் வேண்டாம் என்றாலும் போச்சு.

அறை கேட்டு வந்த மற்றவர்கள் பீர் பாட்டிலோடு வந்தார்கள். தெக்லே காலையிலேயே மாவு பிசைந்து, பாலாடைக்கட்டி வைத்து ஹாச்சபுரி சுட்டு அடுக்கிவிட்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஹத்துனாவும் கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கத் தெக்லேவுக்குச் சிரிப்பு வந்தது. 'நம்ம ஆளு உள்ளே இருக்கும்போது என்ன கவலை' என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஹத்துனா கண் கலங்க வந்தாள். "எவ்வளவோ பேசிப் பார்த்தேன்டீ. அவங்க ஒத்துக்கல."

தெக்லே அழவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனாள். மால்டே அவள் சுட்ட ஹாச்சபுரியில் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தான்.

"நல்லா சாப்பிடு! என்னை வேண்டாம்னு சொல்லிட்டு என் ரொட்டி மட்டும் இனிக்குதா?"

"நானா?" அவன் மெல்வதை நிறுத்தினான். "நானும் ஹென்ரிகேயும் உன்னைத்தான் சொன்னோம். வேண்டாம்னது ஹத்துனா."

"பொய்."

"அன்னிக்கு எப்ப கிளம்புறன்னு கேட்டேன் இல்ல, அதுவும் அவ கேக்கச் சொல்லித்தான். விருந்தாளிகிட்ட அவளால கேக்க முடியாதாம். உங்க ஊர்ல அது பெரிய பாவமாம். எனக்கு என்ன, கேட்டேன்."

தெக்லே அறைக்குத் திரும்பிப் பெட்டியை இழுத்துத் துணிகளை அள்ளிப் போட்டாள். ஹத்துனாவுக்கு முகம் வெளுத்தது. கேட்காமலே புரிந்துகொண்டாள்.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் தெக்லே.

"எப்படிடீ சொல்றது? வீட்டுக்கு வந்தவளைப் போன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"அதுக்கு அவன் வாயைக் கடன் வாங்கினியா?"

ஹத்துனாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "நீ மட்டும் ரொம்ப ஒழுங்கா? வந்த மறுநாளே உங்கம்மாகிட்ட போன்ல என்ன சொன்ன? 'ஹத்துனா சர்ச்சுப் பக்கமே போறதில்ல, விரத நாள்ல கறி திங்கறா'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்ன. சாயங்காலத்துக்குள்ள தெரு பூரா தெரிஞ்சிருச்சு. எங்கப்பா இன்னிக்கு வரைக்கும் என்கூடப் பேசல."

"வாய் தவறி வந்துருச்சுடீ... வேணும்னேவா சொன்னேன்?"

"தெரியும். அதான் பயமா இருக்கு. நீ இங்க இருந்தா நான் தினமும் அந்தத் தெருவுலதான் இருப்பேன்."

தன் மேல் தப்பிருப்பது தெக்லேவுக்குத் தெரிந்தது. அது தெரிந்ததும் வலி இன்னும் கூடியது. அந்த நேரம் பார்த்துத்தான் அவள் அம்மாவின் வீடியோ அழைப்பு வந்தது. ஹத்துனா ஓடிவந்து தெக்லேவின் மணிக்கட்டைப் பிடித்தாள். வாய் பேசவில்லை, கண் கெஞ்சியது. விருந்தாளியை வெளியே தள்ளினாள் என்று ஒரு வார்த்தை குத்தாயிசிக்குப் போனால் போதும், ஹத்துனாவின் அம்மா தெருவில் தலைகாட்ட முடியாது.

தெக்லே கையை உதறிவிட்டு போனை எடுத்தாள். திரையில் அம்மா மாவுக் கையோடு நின்றாள்.

"என்னடி பெட்டியெல்லாம் திறந்து கிடக்கு? ரூம் கிடைச்சுருச்சா?"

"கிடைச்சுருச்சும்மா." குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். துரத்தப்பட்டேன் என்று சொல்ல அவளுக்கும் நா எழவில்லை. துரத்தியவளுக்கு எவ்வளவு கேவலமோ அவ்வளவு தனக்கும். "ஹத்துனாதான் போகாத போகாதன்னு அழறா. நான்தான் கேக்காம கிளம்புறேன்."

"தங்கமான பொண்ணு! அவகிட்ட குடு."

ஹத்துனா போனை வாங்கினாள். ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

"ஆமாம்மா, நீங்களாவது சொல்லுங்க. இது அவ வீடுதான்னு எத்தனை தடவை சொல்றது? கேட்டாத்தானே!"

சொல்லும்போது நிஜமாகவே அழுதாள். அம்மாவும் அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெக்லே பெட்டியை மூடினாள். எங்கே போவது என்று தெரியாமலே மேல்கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள், போன் திரும்பக் கைக்கு வரட்டும் என்று.