நீலத் தாள் கடித்த எஞ்சின்

கம்பியை உதட்டில் ஓட்டிப் பார்க்கிறாள் என் மருமகள். கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கீழ் உதட்டின் மேல். பிசிறு இருந்தால் கண் ஏமாந்துவிடும், உதடு ஏமாறாது என்பது அவள் கட்சி. தலைமுடி கனமே உள்ள அந்தக் கம்பி, அவள் கட்டும் டீசல் எஞ்சினின் கைப்பிடி. எஞ்சின் மொத்தமே என் கைக்கு ஒரு சாண்தான் வரும்.

தொழில் அதுவல்ல. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, மெழுகில் பல் நட்டு, ராவி, மெருகேற்றிக் கொடுப்பாள். தெருவில் அவளுக்குப் பல்லுக்காரி என்று பெயர். பல்லுக்கும் எஞ்சினுக்கும் மேசை ஒன்று, பொடிசுகளைப் பிடிக்கும் சாமணம் ஒன்று, ராவும் மெஷினும் ஒன்று. யார் வீட்டுப் பல் செட்டோ எஞ்சினுக்குப் பக்கத்தில் இளித்துக்கொண்டு கிடக்கும். பல் கேட்டு வந்த ஒருவரிடம் என் மகன், "ரயில் லேட்டு சார், நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டான். இரண்டு நாள் அவனோடு அவள் பேசவில்லை.

எஞ்சின் டிரைவரையும் பல் செட்டின் ரோஸ் மெழுகில்தான் செய்தாள். பாசிப்பயறு அளவு தலை. "அவருக்கும் பல்லு வெச்சிருக்கியா?" என்று மகன் கேட்டான். "வாய மூடிட்டு வேலைய பாக்குற ஆளு. அவருக்கு எதுக்கு?" என்றாள்.

உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் அவளுக்கு. ஸ்டேஷனில் நிஜ எஞ்சினுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்து, எதைத் தொலைத்தீர்கள் என்று போலீஸ்காரர் விசாரிக்கும்படி ஆயிற்று. பக்கவாட்டில் நம்பர் ஒட்டினாள். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒரு சுழி மட்டும் தூங்கி விழுவதுபோல் சாய்ந்திருந்தது, சொன்னேன். சுரண்டிவிட்டு மறுபடி ஒட்டினாள். அதற்கப்புறம்தான் எனக்குப் பொறுக்காத காரியம் ஒன்றைச் செய்தாள். மினுமினுவென்று இருந்த எஞ்சினுக்குக் கரி பூசினாள்.

"ஏம்மா, கண்ணாடி மாதிரி இருந்ததைப் போய் இப்படி அழுக்காக்குறியே."

"புகை போற இடத்துல கரி இல்லன்னா அது எஞ்சின் இல்ல அத்தை, சோப்பு டப்பா."

அழுக்கு அழுக்குதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதைப் பூசிய பிறகு எஞ்சின் எங்கிருந்தோ வந்து நின்றதுபோல் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

இந்த மாதிரி ரயில் கட்டுகிறவர்களுக்கு ஊரில் ஒரு சங்கம் உண்டு. தலைவர் கடிகாரக் கடைக்காரர். வருஷத்துக்கு ஒருமுறை பெரிய கூடத்தில் பலகை போட்டு, தண்டவாளம் விரித்துக் காட்டுவார்கள். போன வருஷம் இவள் எஞ்சின் நேர்ப்பாதையில் ராணி மாதிரி போய், முதல் வளைவில் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு குப்புற விழுந்தது. டிரைவர் ஏறும் படியும், பக்கத்தில் தொங்கும் பிரேக் குழாயும் சக்கரச் சட்டத்தை ஒட்டி நிற்கின்றன. வளைவில் சட்டம் திரும்பும்போது எதிலோ இடிக்கிறது. சங்கத்தில் எல்லோரும் படியைப் பாதியாக வெட்டிவிடுவார்களாம்.

"வெட்டி எறிஞ்சிடும்மா. தூரத்துலேருந்து யாரு பாக்கப்போறா?" என்றார் தலைவர்.

"நான் பாப்பேன்."

"அப்போ அலமாரில வெச்சுப் பாரு. லட்சணமா இருக்கும்."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளோடு வீட்டுக்கு வந்தது. இந்த வருஷமும் வளைவில் விழுந்தால் அலமாரிதான், தண்டவாளத்தில் இடமில்லை என்று தலைவர் சொல்லியும் விட்டார். வெட்டினால் அவளுக்கு அது எஞ்சின் இல்லை. வெட்டாவிட்டால் அவர்களுக்கு அது எஞ்சின் இல்லை.

எங்கே இடிக்கிறது என்றே தெரியவில்லை. தூக்கிப் பார்த்தால் சக்கரம் தொங்குகிறது, எதிலும் படுவதில்லை. தண்டவாளத்தில் நிற்கும்போதுதான் படுகிறது, அப்போது கண் நுழைய வழியில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் புதுப் பல் செட் கட்டினாள். இடது பக்கம் குத்தியது. நீலத் தாள் ஒன்றை என் பல்லிடுக்கில் வைத்து, "கடிங்க அத்தை. அரைங்க" என்றாள். எங்கே மேடோ அங்கே நீலம் ஒட்டும். அதை மட்டும் ராவுவாள். கடித்தேன். அவள் தாளையே பார்த்தாள். திடீரென்று அதை என் வாயிலிருந்து உருவி, ஈரத்தைத் துடைக்காமல் எறிந்துவிட்டு, புதிதாக ஒரு கீற்று நறுக்கி எஞ்சினுக்கு அடியில் செருகினாள்.

"ஏம்மா, என் பல்லு?"

"கொஞ்சம் பொறுங்க அத்தை. இவரு மொதல்ல கடிக்கட்டும்."

வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். எஞ்சினைக் கையால் வளைவில் தள்ளி, எடுத்துக் கவிழ்த்தாள். கடுகளவு நீலம். படியில் இல்லை; எல்லோரும் பழி போட்ட குழாயிலும் இல்லை. சக்கரச் சட்டத்தின் உள்மூலையில், யாரும் என்றைக்கும் பார்க்கப்போகாத ஒரு முனையில். ராவினாள், தாள் வைத்தாள், தள்ளினாள். மறுபடியும் ராவினாள். நீலம் ஒட்டாமல் தாள் வெளியே வந்தபோது என் தாடை மரத்துப் போயிருந்தது. என் இடது பக்கத்தை நான்தான் நினைவுபடுத்தி வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பல் சரியாகப் பொருந்தினால் "பல்லோட பல்லு ரெண்டு தட்டு தட்டுங்க" என்று யாராயிருந்தாலும் சொல்வாள். கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, தானும் தன் பல்லை இரண்டு தட்டுத் தட்டுவாள். எனக்கும் தட்டினாள்.

சங்கம் ரயில் விட்ட அன்றைக்குக் கூடத்தில் நல்ல கூட்டம். வளைவுக்குக் கீழே தலைவர் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார், விழுந்தால் பிடிக்க. எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தது. வளைவில் நுழைந்தது. ஏறும் படிக்கும் சக்கரச் சட்டத்துக்கும் நடுவே ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தது, போய்விட்டது. கடைசிப் பெட்டியும் திரும்பிற்று. தலைவர் கடிகாரம் பார்க்கும் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக் குனிந்தார்.

"படி முழுசா இருக்கே. வெட்டலியா?"

"வெட்டல."

இரண்டாம் சுற்று வந்தபோது ஏந்திய கைகளை மெல்லப் பின்னால் கட்டிக்கொண்டார். மூன்றாம் சுற்றில் ரயிலை ஓட்டும் விசைப் பெட்டியையே அவள் பக்கம் நகர்த்தி, "நீங்களே ஓட்டுங்கம்மா. சாயங்காலம் வரைக்கும் இதுதான் ஓடணும்" என்றார். போன வருஷம் 'பாரு', இந்த வருஷம் 'ஓட்டுங்க'. என் மகன் விசிலடித்தான். அது என் மருமகள் என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னேன்.

கை தட்டினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. வளைவின் ஓரமாகத் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, எஞ்சின் போகிற சத்தத்தைக் கேட்டாள். அது தாண்டிப் போனதும், தன் பல்லை இரண்டு தட்டுத் தட்டினாள்.