மாட்டுவண்டிக்கு ஏது நம்பர் பிளேட்?

கரும்புச்சாறு கொதிக்கிற வாசனை... ஆலைக்குப் போகும் வழியிலேயே மூக்கில் ஏறிவிடும். சாயங்காலம் சட்டையோடு ஒட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸிலும் கூடவே வரும்.

கடலூர் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலை. அங்கே கம்ப்யூட்டர் செக்ஷனில் என் முதல் வேலை. வாசலில் கரும்பு வண்டியை எடை போடுவதிலிருந்து சம்பளம் வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே பழைய புரோகிராம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இங்கே ஒரு வரியைத் தொட்டால் அங்கே ஏதாவது புட்டுக்கொள்ளும். அதைத் தொடவே எல்லாருக்கும் பயம்.

கூட வேலை பார்த்த ஜெரோம்தான் பிடிவாதம் பிடித்தான்.

"மச்சான், எல்லாத்தயும் ஆப்ஜெக்ட்டா எழுதிப்புடலாம். வண்டின்னு ஒரு கிளாஸ், அதான் அப்பன். லாரி, டிராக்டரு, மாட்டுவண்டி எல்லாம் அதோட புள்ளைங்க. அப்பங்கிட்ட இருக்கறது புள்ளைக்குத் தானா வந்துடும்."

எனக்கு ஒரே ஆச்சரியம்! அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் இதற்கு அப்பன் யார் என்றுதான் யோசனை. பரோட்டாக் கடையில் வீச்சு பரோட்டாவைக்கூட விட்டுவைக்கவில்லை.

மேனேஜருக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. "அரவை ஆரம்பிக்கற அன்னைக்கி ஓட்டுங்க. கேட்டுல ஒரு வண்டி நின்னாலும் பழசுக்கே போயிடுவோம்" என்று சொல்லிவிட்டார். ஜெரோம் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. மாசக்கணக்கில் உழைத்தது, பாவம்.

அந்த நாளும் வந்தது. லாரி போனது. டிராக்டர் போனது. அடுத்து நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி...

ஸ்கிரீன் நகரவில்லை. பதிவு எண் கொடு என்று அடம் பிடித்தது.

வண்டிக்காரரிடம் கேட்டோம். "நம்பரா? வண்டிக்கா சார், மாட்டுக்கா?" என்றார்.

பின்னால் வரிசை நீண்டது. மேனேஜர் எங்களை முறைத்தார். தினமும் அந்த மாட்டுவண்டிகளுக்கு நடுவில் புகுந்துதான் நாங்கள் வேலைக்கே வந்துகொண்டிருந்தோம். ஆனாலும் பதிவு எண்ணைக் கொண்டுபோய் அப்பன் தலையில் கட்டியிருந்தோம்!

ஜெரோம் உட்கார்ந்தான். எண்ணை அப்பனிடமிருந்து பிடுங்கி லாரிக்கும் டிராக்டருக்கும் மட்டும் கொடுத்தான். மாட்டுவண்டிக்கு வண்டிக்காரர் பேரும் ஊரும் போதும் என்று மாற்றினான். டீ ஆறுவதற்குள் வண்டி எடைமேடை ஏறிவிட்டது.

மேனேஜர் விடவில்லை. பில், ஸ்டோர்ஸ், சம்பளம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒரு இடத்தில் தொட்டும் வேறு எதுவுமே புட்டுக்கொள்ளவில்லை.

"பரவால்லியே... இதயே ஓட்டுங்க" என்றார். ஜெரோம் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இப்போது பெங்களூரில் இருக்கிறேன். வேண்டியதைச் சொன்னால் ஏஐ கிளாஸ் கிளாஸாக எழுதிக் கொட்டுகிறது. சுத்தமாகவும் இருக்கிறது. ஆனாலும் புது புராஜெக்ட் என்றால் அந்த இடத்துக்கே போய் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். டீமில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சிரிப்பு. "வீடியோ கால்ல கேட்டா அவுங்களே சொல்லிடுவாங்களே சார்..."

சொல்வார்கள்தான். ஆனால் மாட்டுவண்டிக்கு நம்பர் கிடையாது என்று அன்றைக்கு எங்களிடம் யாருமே சொல்லவில்லை... ஊருக்கே தெரிந்ததை யார் சொல்வார்கள்?