மருந்தில்லாத டப்பாவும் பத்து நிமிடப் பாடமும்: காங்கேயத்திலிருந்து கோவைக்கு ஒரு சனிக்கிழமை

இரண்டு வருடமாக எனக்கு இழுப்பு இருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கிறேன். வாயில் வைத்து அழுத்தி இழுக்கும் ஸ்ப்ரேயை டாக்டர் எழுதிக் கொடுத்தார். அது எனக்குக் கேட்கவே இல்லை. ராத்திரி மூச்சு முட்டும்போது, விடிவதற்குள் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கும். ஸ்ப்ரே பழகினால் விடமுடியாது என்பது அப்பாவின் எண்ணம். டப்பாவைப் பார்த்தால் தூக்கி எறிந்துவிடுவார். அதனால் அம்மாவும் நானும் ஒளித்து வைத்திருக்கிறோம். இதையும் அப்பா தூங்கிய பிறகு அம்மாவின் போனில்தான் எழுதுகிறேன். பெயர் போடாததற்கு மன்னிக்கவும்.

பெரியப்பா மகள் நித்யா அக்கா கோவையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நெஞ்சுநோய்ப் பிரிவில் எம்.டி. படிக்கிறார். எம்.டி. படிக்கிறவர்களுக்கு வைத்தியம் தெரிந்தால் மட்டும் போதாதாம், ஜூனியர்களுக்கும் நோயாளிகளுக்கும் சொல்லிக்கொடுக்கவும் தெரிய வேண்டுமாம். அதற்கு ஒரு பயிற்சி. பத்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும். பேராசிரியர் குறை சொல்வார். அரை மணி நேரம் கழித்து அதே பாடத்தைத் திருத்தி நடத்த வேண்டும். உட்கார்ந்து கேட்க நிஜமான இழுப்புக்காரர்கள் தேவைப்பட்டார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டார். அப்பாவிடம் அக்காவைப் பார்க்கப் போவதாக மட்டும் சொன்னோம்.

காங்கேயத்தில் காலை 6.20க்கு பஸ். டிக்கெட் 55 ரூபாய். பல்லடம் வரை ரோட்டு வேலை நடக்கிறது, ஒரே புழுதி.

"ஏனுங்க அம்மணி, ஜன்னலைச் சாத்திக்குங்க. இல்லீன்னா எறங்கும்போது உங்க ஊட்லயே அடையாளம் தெரியாது" என்றார் கண்டக்டர்.

என்னைப் போல் இழுப்பு உள்ளவர்கள் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொள்வது நல்லது. 8.25க்கு கோவை சிங்காநல்லூர். அங்கிருந்து டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். கல்லூரியில் லிஃப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. இரண்டாவது மாடிக்கு நாற்பத்து நான்கு படி. நடுவில் ஒருமுறை நின்றேன்.

வகுப்பில் எட்டு எம்.டி. மாணவர்கள், கையில் மார்க் போடும் தாள். நோயாளிகள் இரண்டே பேர். நானும், பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பழனிச்சாமி அண்ணனும்.

ஸ்ப்ரேயை எப்படி இழுப்பது என்பதுதான் பாடம். அக்கா திரையில் நுரையீரல் படம் போட்டு நடத்தினார். பாதிக்கு மேல் ஆங்கிலம். ஒவ்வொரு படம் முடிந்ததும் "புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டார். "புரிஞ்சுதுங்க" என்றோம் நாங்கள் இருவரும். ஏழு தடவை. நாங்கள் தலையாட்டினால் அக்காவுக்கு மார்க் ஏறும் என்று நினைத்தேன்.

பேராசிரியர் அம்மா எழுந்து வந்தார். பயிற்சிக்கு வைத்திருக்கும் மருந்தில்லாத டப்பாவை என் கையில் கொடுத்தார்.

"கண்ணு, இப்ப நீதான் டீச்சர். எனக்குச் சொல்லிக்குடு."

அழுத்தினேன். பிறகு இழுத்தேன். வெள்ளைப் புகை வாயிலிருந்து வெளியே வந்து மூக்கைத் தாண்டிப் போனது.

"எத்தனை நாளா இப்படி இழுக்கறே?"

"ரெண்டு வருஷமுங்க."

"புரியலைன்னு யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"டாக்டர்கிட்ட அப்படிச் சொன்னா நல்லா இருக்காதுங்களே."

"நானும் அதுக்குத்தானுங்க தலையாட்டுனேன்" என்றார் பழனிச்சாமி அண்ணன். "அந்தப் புள்ள அவ்வளவு சிரமப்பட்டுச் சொல்லுது. மனசு நோகுமில்லீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள், அக்காவைத் தவிர. "சிரிக்காதீங்க" என்றார் பேராசிரியர். "நம்மூர்ல புரிஞ்சுதான்னு கேட்டா ஆமாங்கன்னுதான் பதில் வரும். அது உங்களுக்குக் குடுக்கற மரியாதை, பாடத்துக்குப் போடற மார்க் இல்ல. கேக்காதீங்க, செஞ்சு காட்டச் சொல்லுங்க."

இடைவேளையில் அக்கா வராந்தாவில் தனியாக நின்றார். எனக்கு அழுகை வந்தது.

"என்னாலதானுங்க அக்கா."

"உன்னால என்ன புள்ள? ரெண்டு வருஷமா உன்னைப் பாக்கறேன். ஒருநாளாச்சும் இழுத்துக் காட்டுன்னு கேட்டேனா?"

இரண்டாவது முறை அக்கா திரையை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். குலுக்கு, மூச்சை முழுதாக வெளியே விடு, உதட்டால் இறுக்கிப் பிடி. இதெல்லாம் வந்துவிட்டது. இழுப்பதும் அழுத்துவதும் சேர்ந்து வரவில்லை. இரண்டு தடவையும் புகை வெளியே போனது. எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புரிந்துவிட்டது என்று சொல்லி எழுந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அன்று ராத்திரி மூச்சு முட்டப்போவது எனக்குத்தானே.

"புரியலீங்க அக்கா" என்றேன்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "ஸ்ட்ராவுல இளநி குடிப்பியல்ல? அப்படி மெதுவா இழு. இழுக்க ஆரம்பிச்ச அப்புறம் அமுக்கு. நிறுத்தாம இழுத்துட்டே இரு."

இழுத்தேன். அழுத்தினேன். பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கினேன்.

"பொகையக் காணோமுங்க" என்றார் பழனிச்சாமி அண்ணன்.

அதற்குள் பத்து நிமிடம் தாண்டிவிட்டது. அதற்கு மார்க் குறையும் என்று பேராசிரியர் சொன்னார். அக்கா பரவாயில்லை என்று சிரித்தார். கேன்டீனில் எலுமிச்சை சாதம் 40 ரூபாய், நன்றாக இருந்தது. 2.15 பஸ்ஸில் ஏறி 4.20க்கு காங்கேயம். மொத்தச் செலவு 150 ரூபாய்.

முந்தாநாள் ராத்திரி இழுப்பு வந்தது. டாக்டர் எழுதியபடி ஒருமுறை இழுத்து, ஒரு நிமிடம் விட்டு இன்னொருமுறை இழுத்தேன். சுவரில் சாய்ந்து காத்திருந்தேன். பத்து நிமிடத்தில் நெஞ்சு லேசானது. பிறகு படுத்துத் தூங்கினேன், சாதாரணமாக எல்லோரும் தூங்குவது போல.

இதுபோல் பயிற்சிக்குக் கூப்பிட்டால் தைரியமாகப் போங்கள். உங்கள் ஸ்ப்ரேயையும் டாக்டர் சீட்டையும் கொண்டு போங்கள், எல்லோருக்கும் ஒரே மருந்து இல்லை. கூப்பிடாவிட்டாலும், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவர் எதிரிலேயே இழுத்துக் காட்டுங்கள். மூச்சு ரொம்ப முட்டினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இன்று சாயங்காலம் அப்பா எண்ணெய் ஆலைக்குப் போயிருந்தபோது, அம்மாவுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். என் கையில் தெம்பில்லாத நேரத்தில் அவர்தான் டப்பாவைப் பிடிக்க வேண்டும்.

"புரிஞ்சுபோச்சு கண்ணு" என்றார் அம்மா.

அக்கா கொடுத்தனுப்பிய மருந்தில்லாத டப்பாவை நீட்டினேன். தலைகீழாகப் பிடித்தார். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். நான்காவது முறை சரியாக வந்தது. அதற்குப் பிறகுதான், அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இருவரும் பேச ஆரம்பித்தோம்.