பத்தொன்பது துளையுள்ள யன்னல்

போன மாதம் அலுமினிய யன்னல் பூட்டுகிறவர் நெல்லியடியிலிருந்து வந்தார். நாற்பது வயது மதிக்கலாம். அளவு நாடாவை வெளியே எடுக்கும் முன்னரே, முன்னறை யன்னலின் நிலையை விரல் மடித்து மூன்று தரம் தட்டினார். பிறகு சாவியால் ஓரத்தில் மெல்லச் சுரண்டி மணந்தும் பார்த்தார். அலுமினியம் பூட்ட வந்தவருக்கு மரத்தின் மணம் எதற்கு?

"பழசுகளை நாங்களே ஏத்திக்கொண்டு போறம் ஐயா. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

யோசிக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் அந்த நிமிடத்திலிருந்துதான் யோசிக்கத் தொடங்குவேன்.

எல்லாம் கனடாவிலிருக்கும் மகளின் ஏற்பாடு. தள்ளித் திறக்கும் யன்னல், நுளம்பு வலை, முன்சுவரின் வெளிப்பக்கத்துக்குக் கருங்கல் மாதிரித் தோன்றும் ரைல்ஸ். நல்ல சுவரின் மேல் கல் வேசம் போட்ட ஒன்றை ஏன் ஒட்ட வேண்டும், மாரித் தண்ணீர் அதற்குப் பின்னால் இறங்கினால் எந்த வழியால் வெளியே போகும் என்று கேட்டேன். அங்கே வீடெல்லாம் இப்படித்தான் என்றாள். அங்கே கறையான் இருக்கிறதா என்று கேட்டேன். தொலைபேசியை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டாள்.

அலுமினியக்காரர் போன பிறகு, அவர் சுரண்டிய இடத்தில் நானும் மூக்கை வைத்துப் பார்த்தேன். நாலைந்து பூச்சுப் பெயின்றுக்குக் கீழே வேப்பமரத்தின் கசந்த மணம் இன்னும் இருந்தது. அது என்னை நேரே, சண்டையால் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த நாளில் கொண்டுபோய் நிறுத்தியது.

தென்மராட்சியில் ஆறு மாதம் இருந்துவிட்டுக் கொக்குவில் வீட்டுக்கு வந்தால், கூரை இருந்தது, சுவர் இருந்தது, பதினான்கு யன்னல்களில் பதினொன்று இல்லை. உடைத்துப் பிடுங்கியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். சீமெந்து உதிராமல், ஆறுதலாகக் கழற்றியிருந்தார்கள். அவசரமில்லாத யாரோ. அப்படியென்றால் அயலில் யாரோ என்று நான் கணக்குப் போட்டேன். ஓட்டைகளுக்குத் தகரமும் யூரியாச் சாக்கும் பனையோலைத் தட்டியும் அடித்தோம். வெளியே நின்று பார்த்தால் ஒட்டுப் போட்ட பழஞ்சாரம் மாதிரி இருந்தது வீடு.

பக்கத்து வளவுச் சிவஞானம் எங்களுக்கு ஒன்பது நாள் முன்னரே திரும்பியிருந்தார். அவர் வீட்டில் எட்டு யன்னலும் அப்படியே இருந்தன. இது எப்படி? கதைக்கப் போகிற சாட்டில் போய்க் கம்பிகளை எண்ணுவேன். எங்களுடையவற்றில் ஏழு கம்பி, அவருடையவற்றில் ஆறு. ஒன்றைக் கழற்றிவிட்டாரோ? எங்களுடையவை மண்ணிறம். அவர் பச்சை அடித்திருந்தார், அதுவும் புதிதாக. சனம் அரிசிக்கு அலைகிற நேரத்தில் பச்சைப் பெயின்ற் எதற்கு? ஒரு நாள் அவர் சீனி எடுக்க உள்ளே போன நேரம் நகத்தால் சுரண்டினேன்.

"என்னண்ணை சுரண்டிறியள்?"

"கறையான் பிடிச்சிருக்கோ எண்டு பாத்தன்."

"மண்ணிறம் வந்ததோ?" என்று கேட்டுவிட்டு எனக்கு முன்னால் இருந்து தேத்தண்ணியைக் கலக்கினார்.

பச்சைக்குக் கீழே வெள்ளை இருந்தது. அதற்கும் கீழே என்ன என்று பார்க்க நகம் போதவில்லை.

அதே மாதம் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்ரேசனுக்குப் போகிற வழியில் ஒரு வெறும் வளவில் பழைய யன்னல்களை அடுக்கி வைத்து ஒருவர் விற்றார். எல்லாம் யாரோ வீட்டுச் சுவரிலிருந்து வந்தவை. எந்த ஊர், எந்த வீடு என்று வாங்க வந்த ஒருவரும் கேட்கவில்லை. சந்தையில் கத்தரிக்காயைக்கூட விசாரித்து வாங்குகிற நானும் கேட்கவில்லை. என்னுடையது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இல்லை. பதினொன்றைத் தெரிந்தெடுத்து வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அவற்றில் முன்னறைக்குப் பூட்டிய யன்னலின் நிலையில், இடப்பக்கமாகத் துளைகள் இருந்தன. இரண்டு வரிசை, பத்தொன்பது. மர வண்டு என்று முடிவுகட்டினேன். வரிசையில் நின்று துளைக்கிற வண்டை நான் அதற்கு முன்னர் கண்டதில்லைதான். இருந்தாலும் ஒவ்வொரு வருசமும் மாரிக்கு முன்னர், பிணைச்சல்களுக்கு எண்ணெய் விட்டு, கதவுகளின் அடிப்பக்கத்துக்குக் கழிவு எண்ணெய் பூசிய கையோடு, அந்தப் பத்தொன்பதுக்கும் மண்ணெண்ணெய் விட்டு மெழுகால் அடைப்பேன்.

நாலாம் வருசம் அந்த வேலையில் இருந்தபோது திடீரென்று மழை பிடித்தது. படலையடியில் நின்ற சிவஞானம் ஓடி வந்து உள்ளே ஏறிவிட்டார். அதுவரை நான் அவரை வாசலோடு நிறுத்திக் கதைத்து அனுப்புவதுதான் வழக்கம். என் கையைப் பார்த்தார், பிறகு துளைகளை விரலால் தடவினார்.

"இது வண்டில்லை அண்ணை. நூல்கட்டை மாட்ட ஆணி அடிச்ச இடம். எங்கடை புவனத்தின்ரை யன்னலெல்லோ இது."

புவனம் அவருடைய தங்கை, தையல்காரி. வடக்கே கடற்கரைப் பக்கம் இருந்த புவனத்தின் வீடு தரைமட்டமாகி, அவர் பிரான்சுக்குப் போய்விட்டிருந்தார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொன்னது இதுதான்: "அடையாளம் ஏதும் இருக்கோ?"

சிவஞானம் துளையிலிருந்து விரலை எடுத்தார். "நீங்களே வைச்சிருங்கோ. வீடில்லாமல் யன்னலை எங்கை பூட்டிறது? அவள் வந்தால் ஒருக்காக் காட்டுங்கோ, அது மட்டும் காணும்."

காட்டினால் கேட்பார், கேட்டால் கொடுக்க வேண்டும், கொடுத்தால் முன்னறையில் மறுபடியும் ஓட்டை. அதற்குப் பிறகு சிவஞானம் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் அந்த யன்னலுக்குத் திரைச்சீலையை இழுத்துவிடுவேன். "உங்களுக்கு முருகன் நேரை வந்து நிண்டாலும் அடையாள அட்டை கேப்பியள்" என்பாள் மனைவி.

போன வருசம் சிவஞானம் காலமானார். எங்கள் பதினொன்றையும் எடுத்தது அவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அவரைச் சந்தேகித்தது அவருக்குத் தெரியும். அது நிச்சயம்.

அவருடைய முதலாண்டு ஆட்டத் திவசத்துக்குப் புவனம் வந்திருந்தார். மறுநாள் அலுமினியக்காரர் வந்து எல்லாவற்றையும் கழற்றப் போகிறார். இனி மறைத்து என்ன என்று நானே போய்க் கூட்டி வந்தேன். கேட்டால் கொடுத்துவிடுவது, கேட்காவிட்டாலும் கொடுத்துவிடுவது என்று காலையிலேயே முடிவெடுத்து, மெழுகையெல்லாம் கிண்டி எடுத்து வைத்திருந்தேன்.

திரைச்சீலையை விலக்கியதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கிட்டப் போய் ஒன்று ஒன்றாக எண்ணினார்.

"என்ரை இல்லை அண்ணை. என்னட்டை இருந்ததே பன்னிரண்டு நூல்கட்டை. இது பத்தொன்பது."

"வடிவாப் பாருங்கோ பிள்ளை."

"பாத்திட்டன். இதுக்குச் சொந்தக்காரி என்னை விடப் பெரிய தையல்காரி." மேல் வரிசையில் ஒரு துளையில் அவர் சின்ன விரலை வைத்தார். "இதிலை வெள்ளை நூல் இருந்திருக்கும். பாருங்கோ, இது மட்டும் தேஞ்சு பெருத்திருக்கு. பள்ளிக்கூடச் சட்டையெண்டால் வெள்ளைதானே ஓடும்."

பிரான்சுக்குக் காவிக்கொண்டு போக வழியில்லாமல், என் மனம் நோகக்கூடாதென்று பொய் சொல்கிறாரோ என்று அப்போதும் ஒரு எண்ணம் ஓடியது. அந்தத் துளையில் விரலை வைத்தபடி அவர் நின்ற நிலையைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் நிலைக்கவில்லை.

அலுமினியக்காரர் பதின்மூன்றை ஏற்றிக்கொண்டு போனார். இந்த ஒன்றை ஏற்ற நான் விடவில்லை. விறாந்தையில் சாத்தி வைத்திருக்கிறேன். யன்னல் விற்ற வளவில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. எங்கேயோ ஓர் ஊரில், தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்னர், பிள்ளைகள் வரிசையாக வந்து நின்று வெள்ளைச் சட்டைக்கு அளவு கொடுத்த ஒரு முன்னறை இருந்திருக்கிறது. அது எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது.