தூதரக வாசலில் தூக்கிய கைகள்

ஈழப்போரின் கடைசி நாட்கள். வன்னியில் அகப்பட்ட என் அக்காவைப் போன்றவர்களைக் காப்பாற்றக் கோரி, ரொறன்ரோவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் நின்றோம்.

“சனம் அரசாங்கத்திட்டை முறையிடலாம் எண்டு அமெரிக்க அரசியலமைப்பின்ரை முதலாம் திருத்தத்திலையே கிடக்கு” என்றார் நண்பர் நாதன்.

“எங்கடை ஊரிலை, முறையிட்டவனைக் காணேல்லை எண்டு அவன்ரை மனுசிதான் பிறகு முறையிடுவா” என்றேன்.

அப்போது ஒரு பொலிஸ்காரர் என்னை நோக்கி வந்தார். அவ்வளவுதான். பதாகையைப் போட்டுவிட்டு, அடையாள அட்டையைப் பல்லில் கவ்வி, இரு கைகளையும் உயர்த்திவிட்டேன். சோதனைச்சாவடிகளில் பழகிய உடம்பல்லவா!

“கையை இறக்கும் ஐசே! சரணடைய வந்தனீர் எண்டு நினைக்கப்போறாங்கள்” என்றார் நாதன்.

பொலிஸ்காரரோ பதாகையை எடுத்து, தூசி தட்டி, என்னிடமே நீட்டினார்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அந்த நாட்களில் அக்காவும் எவனோ ஒரு சிப்பாயின் முன் கைகளை உயர்த்தியிருப்பாள். இறக்கச் சொன்னானா என்று இன்றுவரை தெரியாது.