மஞ்சள் பட்ட இறால்

எங்கள் ஊர் வடகரப்பதியில் மழை பொய்த்த வருஷம், கடலக்காய் உரித்துப் பழகிய கை இறாலும் உரிக்கும் என்று சொல்லித்தான் ஏஜெண்டு என்னையும் அக்காவையும் கொச்சிக்குக் கூட்டிப்போனார். எழுபதுகளில் கடல் இறாலுக்கு வெளிநாட்டில் அப்படியொரு கிராக்கி. வேலந்தாவளம் சந்தையில் மாட்டைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இறாலைத் தொட்டே பழக்கமில்லை.

கடல் பக்கத்தில்தான் இருந்ததாம். நான் பார்த்ததெல்லாம் ஓட்டுக் கொட்டகையும் ஐஸ் தண்ணீரும்தான். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கருப்புக் குடலை இழுத்து எறிய வேண்டும். உரித்ததெல்லாம் பெட்டி பெட்டியாக அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போயிற்று. எங்கள் மதியச் சோற்றுக்கு அதன் நாற்றம் மட்டும் வந்தது.

அக்கா புருஷனை இழந்தவள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் இங்கிருந்து அனுப்பினால்தான் அங்கே குழந்தைக்குப் பால். ஒரே மாதத்தில் அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சதை தெரிந்தது. வேகம் குறைந்துவிட்டது. இந்த வாரமும் இப்படியே போனால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று கொட்டகை மேஸ்திரி சொல்லிவிட்டார். அவர் மலையாளி. சொன்னால் சொன்னதுதான்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஊரில் கையில் வெடிப்பு வந்தால் மஞ்சளை எண்ணெயில் குழைத்து அப்பிக்கொண்டு வேலை பார்ப்போம். அம்மா முடிந்து கொடுத்த மஞ்சள்தூள் கொஞ்சம் இருந்தது. மறுநாள் காலையில் அத்தனையையும் அக்காவின் விரல்களில் அப்பிவிட்டேன்.

"எரிச்சல் அடங்கிருச்சு கண்ணு" என்றாள்.

அன்றைக்கு அவள் கை பழையபடி ஓடியது. எனக்குப் பெருமை வேறு.

மத்தியானம் மேஸ்திரி அவள் கூடையைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளை இறால் முழுக்க மஞ்சள் திட்டு. ஆபீஸிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கப்பலேற வேண்டிய சரக்கு குப்பைக்குப் போகிறது என்று கத்தினார்கள்.

"ஆராணு இது தேச்சது?" என்றார் மேஸ்திரி.

நான் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம் என்றே சொல்கிறேன். வயசைக் காரணம் காட்ட நான் ஒன்றும் குழந்தை இல்லை.

"நானேதானுங்க பூசிக்கிட்டேன்" என்றாள் அக்கா, என் பக்கம் திரும்பாமலே.

அன்று சாயங்காலமே அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். "நல்லவேளை, உன்ற கைக்கு மிச்சம் வெக்காம எனக்கே பூசுன. புள்ளைக்குப் பாலுக்கு ஒருத்தியாச்சும் இங்க இருக்கோணுமில்ல" என்று சிரித்தாள். எனக்கு அழத்தான் வந்தது.

மறுநாளிலிருந்து கொட்டகை வாசலில் கையைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். நானும் வரிசையில் நின்று பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். மேஸ்திரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தமான கை என்று சொல்லி உள்ளே அனுப்பினார்.